ஊற்றுத் தண்ணீரும் கொயினாவும்

அருளப்பா,

அங்கிக்கு அளவு கொடுக்க நீ பிரிக்பீல்ட்ஸ் தையற்காரரிடம் போயிருக்கிறாய். போகும்போது வாசலில் நின்று, "கறுப்புத் துணி இந்த வெயிலுக்குத் தாங்குமாம்மா?" என்று கேட்டாய். நான் ஏதோ சொன்னேன், என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. நீ தெரு திரும்பும்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்து காகிதத்தை எடுத்தேன். வியாழக்கிழமை காலை நீ பினாங்கு குருமடத்துக்கு ரயில் ஏறுகிறாய். அதற்கு முன் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். மூன்று வாரமாக நேரில் சொல்லத்தான் பார்க்கிறேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறாய், வந்த வார்த்தை எனக்கு உள்ளேயே போய்விடுகிறது. உபதேசியார் மகளாகப் பிறந்து எழுதப் படிக்கக் கற்றதற்கு இன்றாவது ஒரு பயன் இருக்கட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊற்று மாதா கோயிலின் சரித்திரத்தை, பழையவர்கள் எல்லாரும் போவதற்குள், எழுதித் தரும்படி புதுச் சாமியார் கேட்டிருக்கிறார். நான் எழுதப்போகும் சரித்திரம் இதுதான். முதலில் நீ படி, பிறகு அவரிடம் கொடு. அவர் கோயிலில் உரக்க வாசித்தாலும் சரி. இனி நான் மறைக்க ஒன்றும் இல்லை.

உனக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள் என்பது உனக்குத் தெரியும். மரியாளுக்கு இரண்டு வயதில் குளிர்க்காய்ச்சல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே எல்லாம் செய்தார்கள், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஐந்தாம் நாள் போய்விட்டாள். உன் அப்பா அப்போது சாலாக் செலாத்தானைத் தாண்டி, காஜாங் போகும் ரயில் பாதையைப் பழுது பார்க்கும் ஆட்களுக்கு மண்டோராக இருந்தார். பத்து ஆட்களை அதட்டி வேலை வாங்குகிற மனுஷர், வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். "மருந்து குடுத்தும் போயிட்டாளே" என்பார். மாதக்கணக்கில் அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

நீ பிறந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் மழை அதிகம். மலையை வெட்டிப் பாதை போட்டிருந்த இடத்தில் மண் சரிந்து தண்டவாளத்தை மூடிவிட்டது. உன் அப்பாவும் ஆட்களும் இரண்டு நாள் மண்ணை வாரினார்கள். சரிந்த இடத்தில், செம்மண்ணுக்கும் பாறைக்கும் நடுவிலிருந்து விரல் தடிமனுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மழை நின்று ஒரு மாதம் ஆகியும் அது நிற்கவில்லை. சுற்றிலும் எல்லாத் தண்ணீரும் ஈயச் சுரங்கக் கலங்கலாக இருந்த இடத்தில் அது மட்டும் தெளிந்து, பல் கூசும் குளிர்ச்சியாக இருந்தது. மரியாளின் தொட்டிலில் கட்டியிருந்த லூர்து மாதா படத்தை அப்பா எடுத்துப்போய் அந்தப் பாறை இடுக்கில் வைத்தார். அதற்கு முதல் பூ வைத்தவர் அவருடைய ஆட்களில் ஒரு இந்துக்காரர். ஊற்று மாதா கோயிலின் தொடக்கம் அவ்வளவுதான். ஒரு படம், ஒரு செம்பருத்திப் பூ.

உனக்கு மூன்று வயது நடக்கும்போது அதே காய்ச்சல் உனக்கும் வந்தது. ஐரோப்பாவில் பெரிய யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மதியத்தில் உடம்பு தூக்கிப் போடும். மூன்று போர்வை போர்த்தினாலும் உன் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும். பிறகு அனலாகக் கொதிக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அப்பா உன்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஊற்றுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே முழங்காலில் நின்று, "ஒண்ணை மருந்து குடுத்து மண்ணுல வெச்சாச்சு தாயே. இவனுக்கு மருந்து வேணாம். ஒன்பது நாள் உன் தண்ணி மட்டும்தான். எழுப்பிக் குடு, இவனைச் சாமி வேலைக்கே விட்டுடறேன்" என்றார். நீ கண்ணை மூடியபடி அவர் தோளில் கிடந்தாய். உன் தலையெழுத்தைப் பற்றிய பேச்சில் நீ ஒருவன்தான் கலந்துகொள்ளவில்லை.

மூன்று நாள் நான் நேர்ச்சைக்குக் கட்டுப்பட்டேன். மூன்றாம் நாள் மதியம் உன் கண் செருகிப் போனது. என் கையால் மரியாளின் உடலைக் கழுவிய நினைவு வந்தது. நம் வீட்டுப் பரணில், குளிர்க்காய்ச்சலுக்கென்று ரயில்வேக்காரர்கள் கொடுத்த கொயினா மாத்திரை டின் இருந்தது. தினமும் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, துப்பிவிடாமல் விழுங்குகிறார்களா என்று பார்த்துக் கொடுப்பது உன் அப்பாவின் வேலை. அவர் பாதைக்குப் போன பிறகு முக்காலி போட்டு ஏறி அந்த டின்னை இறக்கினேன். பிள்ளைக்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்பது மரியாளுக்குக் கொடுத்ததைப் பார்த்துத் தெரியும். அந்த அளவுக்கு நுணுக்கி, மலாய்க்காரர் கிராமமான கம்பத்தில் வாங்கிய கறுத்த வெல்லத்தில் குழைத்து, உன் நாக்கில் தடவினேன். நீ முகத்தைச் சுளித்தாய், ஆனால் விழுங்கினாய். சாயங்காலம் அப்பா ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்து ஊட்டினார். அதையும் விழுங்கினாய். இப்படியே ஆறு நாள். நேர்ச்சையின் ஏழாம் நாளே நடுக்கம் வரவில்லை. ஒன்பதாம் நாள் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டாய்.

உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? வெளியே ஓடிப்போய்த் தண்டவாளச் சரளைக்கல்லில் முழங்காலிட்டு அழுதார். பிறகு உன்னை மடியில் வைத்துக்கொண்டு, மரியாள் போனதற்குப் பின் முதல் தடவையாக என்னைப் பார்த்து, "நீயும் சாப்பிடு" என்றார். அந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சொல்வேன், நீயே சொல். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்குள் அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

கோயில் எழும்பியது உன்னால்தான். தண்டவாளத்தின் அடியிலிருந்து கழித்துப்போட்ட சிலிப்பர் கட்டைகளை அப்பா வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரிடம் கேட்டு வாங்கினார். சுரங்க முதலாளியான சீனத் தவுக்கே ஒருவர் தன் தாயாருக்கு முழங்கால் வலி குறைந்தது என்று சிமெண்டும் தகரமும் அனுப்பினார். கடைசி ரயில் போனபின் ஆட்கள் தங்கள் சொந்தப் பொழுதில் வேலை செய்தார்கள். மாதா சுரூபம் பிரான்சிலிருந்து கப்பலில் வந்து கிள்ளான் பக்கத்துத் துறைமுகத்தில் இறங்கியது. அதை ரயிலில் கொண்டுவந்தபோது வைக்கோல் பெட்டிக்குப் பக்கத்தில் உன்னை உட்காரவைத்தார்கள். நீ வழியெல்லாம் வைக்கோலைப் பிடுங்கிக்கொண்டே வந்தாய். முதல் திருநாளுக்கு நூறு பேர். அதற்கடுத்த வருஷம் கிள்ளானிலிருந்தும் சுங்கை பூலோவிலிருந்தும் ஜனங்கள் போத்தல் போத்தலாகத் தண்ணீர் எடுக்க வந்தார்கள். நம்மவர்கள், இந்துக்கள், சீனப் பெண்கள் என்று எல்லாரும் வந்தார்கள். உனக்கு வெள்ளைச் சட்டை போட்டுப் படியில் நிற்கவைப்பார்கள். "மாதா பிள்ளை, மாதா பிள்ளை" என்று உன் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். உன் அம்மாவுக்கும் அதில் பங்கு கிடைத்தது. பாசாரில் மீன்காரர்கூட எனக்கு வழிவிட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது அருளப்பா. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் பிடித்திருந்தது.

இரண்டாம் திருநாளில் முனியம்மா வந்தாள். காஜாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள், என்னைவிட இளையவள். இடுப்பில் ஐந்து வயதுப் பெண் செல்லம். அந்தப் பிள்ளைக்கும் அடிக்கடி காய்ச்சல் வந்து போகிறதாம். கூட்டத்தில் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. மெய்யாவே தண்ணி மட்டும்தானா? டிரசர் மருந்து ஒண்ணுமே குடுக்கலியா?"

உன் அப்பா இரண்டடி தள்ளி மெழுகுவர்த்தி கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கை நின்றது. நான் அவரைப் பார்த்தேன், படியில் வெள்ளைச் சட்டையோடு நின்ற உன்னைப் பார்த்தேன்.

"தண்ணி மட்டும்தான்மா" என்றேன்.

அவள் என் கையை எடுத்துத் தன் பிள்ளையின் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் என் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று உன்னையும் கூட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தேன். திரும்பி வந்த அன்று ஊற்றுக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஒரு பெண் பிள்ளையோடு மூன்று நாளாகத் தங்கியிருக்கிறாள் என்றார்கள். போய்ப் பார்த்தால் முனியம்மா. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியும் கேட்காமல் இங்கே வந்திருக்கிறாள். "உபதேசியார் மகளே சொல்லிச்சு" என்றாளாம். செல்லம் அவள் மடியில் கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது, ஆனால் பார்வை இல்லை. நான் வீட்டுக்கு ஓடினேன். டின்னைத் திறந்து கைநிறைய மாத்திரையை அள்ளிக்கொண்டு திரும்பி ஓடினேன். தண்ணீரில் கரைத்து வாயில் விட்டால் கடைவாய் வழியாக வழிந்தது. முனியம்மா என் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"இது என்னாக்கா?"

"கொயினா."

"தண்ணி மட்டும்னு சொன்னீங்களே."

உன் அப்பா சிவப்புக் கொடி காட்டிச் சரக்கு ரயிலை நிறுத்தினார். அதற்காக அவருக்குப் பிறகு விசாரணை நடந்தது. கோலாலம்பூர் போய்ச் சேர்வதற்கு முன்பே பிள்ளையின் உயிர் அடங்கிவிட்டது. அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. நான் அந்த ரயிலில் ஏறவில்லை. ஏறியிருக்க வேண்டும். இதுவும் நான் செய்த தப்பு.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பழைய சாமியாரை உனக்கு நினைவிருக்கும், நீளத் தாடி, புத்தகத் தமிழில் பேசும் பிரெஞ்சுக்காரர். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "மகளே, ஆண்டவர் உன்னை மன்னிப்பார். ஆனால் நீ பொய் சொன்னது என்னிடம் அல்ல. கேட்டவளிடம் போ" என்றார். அவரிடம் சொன்னால் போதும் என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

போனேன். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் அவள் வாசற்படியில் உட்கார்ந்து பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. நான் நின்றபடியே சொன்னேன். டின், முக்காலி, ஆறு நாள், எல்லாம் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"ரொம்பக் கசக்குமே அது. சின்னப் பையன் எப்படி முழுங்குனான்?"

"வெல்லத்துல குழைச்சுக் குடுத்தேன்."

அவள் தலையாட்டினாள். பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "செல்லம் வெல்லம்னா வாங்கிக்கும்" என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். லயத்தில் யாரோ அடுப்பு மூட்டிய புகை எங்கள் இருவர் மேலும் வந்தது. கடைசியில் அவள் சொன்னது இது: "உங்க புள்ளை பொழைச்சது எனக்கு வயித்தெரிச்சல் இல்லக்கா. நல்லா இருக்கட்டும். ஆனா இனிமே எவ வந்து கேட்டாலும், எங்கிட்ட சொன்ன மாதிரி அவகிட்டயும் சொல்லணும். புள்ளைக்கு மருந்து குடுத்தேன்னு உங்க வாயால சொல்லணும்." சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடமும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"டின்னை எண்ணி வெக்கிறது என் வேலை. நாலாம் நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"நிறுத்துன்னு சொல்ல வாய் வரலை. குடுன்னு சொல்லவும் வாய் வரலை." தள்ளிவைத்த தட்டைப் பார்த்துக்கொண்டே, "மாதா செஞ்சதுன்னே இருக்கட்டும்னு நெனச்சேன். எனக்கு அது வேண்டியிருந்துச்சு" என்றார்.

அன்று நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளவில்லை. திட்ட யாருக்கும் தகுதி இல்லை. அடுத்த மாதமே அவர் சாமியாரோடு பேசி, ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டார். ஞாயிறுதோறும் ரயில்வே டிரசர் ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் அங்கே வந்து உட்காரச் சம்மதித்தார். தண்ணீர் எடுக்க வரும் தாய்மார் முதலில் பிள்ளையை அவரிடம் காட்ட வேண்டும். அந்த டிரசர் மடியில் உட்கார்ந்து நீ எத்தனையோ ஞாயிறு வெல்லக்கட்டி தின்றிருக்கிறாய். பெஞ்சு ஏன் வந்தது என்று உனக்கு யாரும் சொன்னதில்லை. முனியம்மா நாலு வருஷம் கோயில் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு ஞாயிறு வந்து, மாதாவையும் பார்க்காமல், தண்ணீரையும் தொடாமல், நேரே அந்தப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சுணங்குகிற தாய்மாரின் கையைப் பிடித்து டிரசரிடம் இழுத்துவருவாள். இன்றுவரை வருகிறாள். என்னை மன்னித்தேன் என்று அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஆனால் அவளுக்குக் கொடுத்த வாக்கில் நான் பாதியைத்தான் காப்பாற்றினேன். "மருந்தை நிறுத்தாதீங்க" என்று எல்லாரிடமும் சொன்னேன். "என் பிள்ளைக்கும் கொடுத்தேன்" என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. நீ வளர்ந்துகொண்டிருந்தாய். பூசைக்கு உதவினாய், இலத்தீன் ஜெபங்களை மனப்பாடம் செய்தாய். பத்து வயதில் ஒருநாள், "மாதா என்னைக் காப்பாத்துனாங்க, நான் சாமியாராப் போகணும்ல?" என்று கேட்டாய். அப்பா உன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் கடைசிப் படுக்கையில் கிடந்தபோது, "அருளப்பன் கேட்டா சொல்லிடு" என்றார். நீ கேட்கவே இல்லை. கேட்கும்படி நாங்கள் உன்னை வளர்க்கவில்லை.

பழைய சாமியார் ஊருக்குப் போவதற்கு முன் நேர்ச்சையைப் பற்றி அவரிடம் கேட்டேன். "தன்னுடையதை மட்டுமே ஒருவன் ஆண்டவருக்கு நேர்ந்துகொள்ள முடியும். பிள்ளையின் வாழ்வு பிள்ளையுடையது. அவன் தானாகக் கொடுத்தால் ஒழிய, அது காணிக்கை ஆகாது" என்றார். இதையும் நான் உன்னிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டேன். மாதா பிள்ளையின் அம்மா என்ற பெயரோடு, குருவானவரின் அம்மா என்ற பெயரும் கிடைக்கப்போகிற ஆசை. வேறு காரணம் சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன்.

இதையெல்லாம் படித்து, மாதா உனக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்துவிடாதே. தண்ணீரா, கொயினாவா, என்ன உன்னை எழுப்பியது என்று எனக்கு இன்றும் தெரியாது. மூன்றாம் நாள் என்னை முக்காலிமேல் ஏற்றியது யார் என்றும் தெரியாது. நான் இப்போதும் ஞாயிறன்று அந்த ஊற்றில் ஒரு கை அள்ளிக் குடிக்கிறேன். ஜெபம் சொல்லும்போது மரியாளுக்குப் பிறகு செல்லத்தின் பெயரைச் சொல்கிறேன். நீ எங்கே இருந்தாலும் அந்தப் பெயரைச் சொல். உன்னிடம் யாராவது நம்பிக்கையோடு ஒன்று கேட்டால், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துப் பதில் சொல்லாதே. சாமியாராக இருந்தாலும், ஸ்டேஷனில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தாலும், ஒரு பெண்ணுக்குப் புருஷனாக இருந்தாலும் உனக்கு அம்மா சொல்ல வேறு புத்தி இல்லை.

உனக்கு உள்ளபடியே ஆசை இருந்தால் போ, என் முழு மனதோடு போ. நீ பூசை செய்வதைப் பார்க்க நான் உயிரோடு இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். நேர்ச்சைக்காகத்தான் போகிறாய் என்றால் போக வேண்டாம். அப்பா கோபிக்க மாட்டார். அந்த டின்னை எண்ணிவிட்டுச் சும்மா இருந்த மனுஷர் அவர். அங்கித் துணியைப் பற்றிக் கவலைப்படாதே, எனக்கு ஒரு கறுப்புப் பாவாடை தேவைதான். ஊரார் பேசுவார்கள். பேசட்டும், முதலில் என்னைப் பற்றிப் பேச அவர்களுக்கு நிறைய இருக்கிறது. நாளைக் காலை நான் காஜாங் போய் முனியம்மாவைப் பார்த்து, முழுதும் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லப்போகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் ஒரு பிரதி எடுத்துப்போய் வாசித்துக் காட்டுவேன்.

இதைப் படித்தவுடன் என்னிடம் பேச வேண்டும் என்றில்லை. பேசாமல் இரு, கோபமாக இரு, பின்வாசலில் போய் உட்கார்ந்துகொள். புதன்கிழமை சாயங்காலத்துக்குள் ஒன்று மட்டும் சொல்லிவிடு. வியாழக்கிழமை மத்தியானச் சோற்றை உனக்குப் பொட்டலம் கட்டட்டுமா, தட்டில் போடட்டுமா? எதுவானாலும் புளிக்குழம்பும் கருவாடும்தான்.

உன் அம்மா